சனிக்கிழமை வரை நிரப்பிய தாள்

இயக்குநர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். தாம்பரத்துக்குத் தெற்கே உங்கள் ஆய்வு மையத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணை, பதிவேட்டில் பொய்யாக எழுதினார் என்று கடிதம் கொடுத்து வெளியே அனுப்பினீர்கள். அந்தப் பொய்யை எழுதச் சொன்னவர் நீங்கள். உங்கள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பயந்து அல்ல, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லவேண்டும். என் தப்பும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

நான் தாம்பரத்தை ஒட்டிய செம்பாக்கத்துக்காரன். பதினோரு வருடமாக நெதர்லாந்தின் வடக்கே ஓர் ஊரில் இருக்கிறேன். என் வேலைக்கு இங்கே சயின்ஸ் மேனேஜர் என்று பெயர். ஆராய்ச்சி செய்பவன் அல்ல நான், ஆராய்ச்சி நடக்கிற இடத்தை நடத்துகிறவன். எந்தக் கருவி எப்போது பழுது பார்க்கப்பட வேண்டும், யாருக்கு எந்தப் பயிற்சி, எந்தச் சாம்பிள் எங்கே இருக்கிறது, எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் என் பொறுப்பு. ஊரில் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், அவ்வளவு படித்துவிட்டு ஆபீஸ் கிளார்க்காகப் போய்விட்டானா என்ற பார்வைதான் வரும். விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஆமாம், கிளார்க்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லேபில் ஆளுயர டீப் ஃப்ரீசர்கள் இருக்கின்றன. மைனஸ் எண்பது டிகிரி. நோயாளிகளின் ரத்தச் சாம்பிள்கள் வருடக்கணக்கில் அதற்குள் இருக்கும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, யாராவது ஒருவர் அதன் முன்னால் நின்று திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து, கதவில் மாட்டியிருக்கும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தத் தாளைப் படித்தேன். எண்களுக்கு நடுவே ஒரு கட்டத்தில் ‘ஃபெர்ஹேட்டன்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் விலெம் என்கிற டெக்னீஷியனின் கையெழுத்து. டச்சு அகராதியைப் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்று அர்த்தம். ஒரு மனிதன் தான் வேலை செய்யவில்லை என்பதைத் தானே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, அதைக் கதவில் தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். எனக்கு முதலில் வந்தது மரியாதை இல்லை, சந்தேகம்தான். இவனுக்கு மேலே யாரோ இருக்கிறார்கள், அந்தத் தைரியத்தில் எழுதுகிறான் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து நானே ஒரு ஃப்ரீசர் கதவைச் சரியாக மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் ஒரு தட்டு முழுக்கச் சாம்பிள் உருகிக் கிடந்தது. ஒரு படிவம் கொடுத்தார்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று மூன்று கேள்விகள். யார் செய்தது என்று ஒரு இடம்கூட அதில் இல்லை. இது பொறி என்று எனக்குத் தோன்றியது. ‘கதவு திறந்த நிலையில் காணப்பட்டது’ என்று சாமர்த்தியமாக எழுதிக் கொடுத்தேன். அப்போதைய மேலாளர் அன்னெக்கே படித்துவிட்டு, கதவு தானாகத் திறந்ததா என்று சிரிக்காமல் கேட்டார். நான்தான் என்றேன். சரி, மூடாவிட்டால் கத்துகிற மாதிரி ஒரு மணி வைக்கலாமா என்றார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. வேலையை விட்டு எடுக்கிற கடிதம் வரும் வரும் என்று காத்திருந்தேன். மணிதான் வந்தது.

இதைப் படித்துவிட்டு இந்த நாட்டுக்குக் கோயில் கட்டிக் கும்பிடவேண்டாம். இங்கே தப்புக்கு யார் பெயரையும் எழுதமாட்டார்கள், சரி. ஆனால் மூன்று வருடம் நன்றாக வேலை செய்த ஒரு போலந்துப் பெண்ணின் ஒப்பந்தத்தை ஒரு நாள் நீட்டிக்காமல் விட்டார்கள். கேக் வெட்டினார்கள், பூங்கொத்துக் கொடுத்தார்கள். காரணம் என்ன என்று அவளுக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. யார் சிரித்துக்கொண்டே கேக் கொண்டுவந்தாலும் இன்றைக்கும் நான் முதலில் என் ஒப்பந்தம் முடிகிற தேதியைத்தான் பார்க்கிறேன்.

இந்தத் துறையில் வேலை தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே வேலை காபியில் ஆரம்பிக்கிறது. முன்பின் தெரியாத மேலாளருக்கு மெயில் எழுதி, உங்கள் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், அரை மணி நேரம் காபி குடிக்கலாமா என்று கேட்கலாம். தப்பே இல்லையாம். என்னை ஒரு மேலாளர் அப்படி இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் போகவில்லை. என்னிடம் எதையோ கறக்கப் பார்க்கிறார், லேபில் நடப்பதைக் கேட்டு மேலே சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் முறை போனபோது, நீ சோதனை செய்வதைவிடச் சோதனைச்சாலையை நடத்துவதில் கெட்டிக்காரன், அந்தப் பக்கம் வா என்றார். அப்படித்தான் நான் மேனேஜர் ஆனேன். சந்தேகத்தால் ஒரு வருடம் வீண்.

தாம்பரம் பக்கத்தில் வேலை எப்படிக் கிடைக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எம்.எஸ்சி. முடித்துவிட்டு நான்கு வருடம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரை பயோடேட்டாவோடு அலைந்தவன் நான். செய்தித்தாளில் விளம்பரம் வரும். ‘நேரடி நேர்காணல்’ என்று போட்டிருக்கும். போனால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். உள்ளே உட்காரவேண்டியவர் போன மாதமே உட்கார்ந்திருப்பார். தகுதிகளைப் படித்தாலே தெரியும், ஒரு ஆளை நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். அதனால் இந்த வருடம் என் நண்பன் பாஸ்கர் போன் செய்து, ஒரு தனியார் ஆய்வு மையத்தில் சயின்ஸ் மேனேஜர் வேலை காலி என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, ஆள் யாரு, முன்னாடியே பார்த்து வெச்சிட்டாங்களா என்பதுதான். பாஸ்கர் ஊரப்பாக்கத்தில் இருக்கிறான், ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறான். இத்தனை வருடமாகியும் அவனுக்கு என்மேல் பொறுமை இருக்கிறது.

“மச்சான், உனக்கு எதக் கண்டாலும் டவுட்டுதான்டா. இந்த வாட்டி நெசமாவே ஆள் தேடறாங்க. வெளிநாட்டு ஆடிட்லாம் வருதாம், அதுக்குத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். லீவுல வர்றப்போ வந்து பார்த்துட்டுப் போ, ஒண்ணும் கொறஞ்சி பூடமாட்ட.”

நான் ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. என் பெண்ணுக்குப் பதினோரு வயது, தமிழில் திட்டினால் டச்சில் பதில் சொல்கிறாள். என் வேலை என்னவென்று என்னோடு படித்தவர்களின் ஊரிலேயே காட்டவேண்டும் என்ற வெறியும் இருந்தது. ஜூலை மாதம் லீவில் வந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மையத்துக்குப் போனேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீங்கள். வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டீர்கள், ஏன் திரும்பி வருகிறீர்கள் என்று நான்கு முறை கேட்டீர்கள். அங்கே ஏதாவது பிரச்சினையா, வேலை போய்விட்டதா, குடும்பத்தில் ஏதாவதா என்று சுற்றிச் சுற்றி வந்தீர்கள். சொந்த ஊருக்குத் திரும்புகிறவனைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்களே என்று எனக்குள் எரிந்தது. ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னேன். வேலை வேண்டுமே. அப்புறம், லேபைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், நீங்கள் வந்தால் முதலில் எதை மாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள் என்றீர்கள். துணைக்கு ஒரு டெக்னீஷியனை அனுப்பினீர்கள்.

அவர்தான் ரோஸ்லின். ஐம்பது வயதிருக்கும். மாடம்பாக்கம் பக்கத்துக்காரர். நான் மேடம் என்று கூப்பிட்டதும் சிரித்துவிட்டார். மேடமெல்லாம் உள்ளே ஏசியில் உட்கார்ந்திருப்பார்கள், என்னை அக்கா என்றே கூப்பிடுங்கள் என்றார். ஒவ்வொரு அலமாரியையும் திறந்து காட்டினார். எந்த ஊர்ச் சாம்பிள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தாளைப் பார்க்காமலே சொன்னார். என் லேபில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. கடைசியில் டீப் ஃப்ரீசர் அறைக்கு வந்தோம். பழக்க தோஷம், கதவில் மாட்டியிருந்த தாளில்தான் என் கண் போயிற்று. நூலில் கட்டிய பேனா தொங்கியது. திங்கள் முதல் சனி வரை, காலை, மாலை என்று பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டிலும் மைனஸ் எண்பது. பன்னிரண்டிலும் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து, ரோஸ்லின் அக்காவின் ஆர்.எம். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. திரையில் மைனஸ் எழுபத்தொன்று என்று எரிந்துகொண்டிருந்தது.

நான் தாளைப் பார்ப்பதை அவர் பார்த்தார். கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாளன்னிக்கு ஆடிட்டு வராங்கோ சார். நாளைக்கே ஃபைல் போட்டு வைக்கணும், ஒரு கட்டம் கூட காலியா இருக்கக் கூடாதுன்னு பெரிய சார் சொல்லிட்டாரு. வெள்ளி, சனி கூடவா சார்னு கேட்டேன். சொன்னதச் செய்யின்னாரு. இன்னா பண்றது? கம்ப்ரசர் வீக்கா கீதுன்னு மூணு வாட்டி எழுதிக் குடுத்துட்டேன். நீங்க வந்தா இதெல்லாம் கொஞ்சம் கேளுங்க சார்.”

வராத சனிக்கிழமையின் வெப்பநிலையைச் செவ்வாய்க்கிழமையே எழுதி வைக்கிற காரியம் நம் ஊரில் மட்டும்தான் நடக்கும். ஏமாற்றத் தெரிந்தவன் இப்படிச் செய்யமாட்டான். மைனஸ் எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று மாற்றி மாற்றி எழுதுவான், இரண்டு பேனா வைத்திருப்பான். இது ஏமாற்று அல்ல, கீழ்ப்படிதல். காலிக் கட்டம் கூடாது என்று மேலே இருந்து ஒரு உத்தரவு வந்தது, காலிக் கட்டம் இல்லாமல் போயிற்று.

திரும்ப வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். எதை மாற்றுவீர்கள் என்று கேட்டீர்கள். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்தேன். டீப் ஃப்ரீசர் தாள் சனிக்கிழமை வரை நிரம்பியிருக்கிறது, முதலில் அதை மாற்றுவேன் என்றேன். நெதர்லாந்தில் கொடுத்த அந்தப் படிவத்தின் மூன்று கேள்விகள் என் மண்டையில் ஊறிப்போயிருந்தன. என்ன நடந்தது, ஏன், இனி என்ன செய்யலாம். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். மற்ற இருவரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“யார் எழுதினது?”

நீங்கள் சொல்லித்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதால் சொல்லவில்லை. முதல் நாளே இயக்குநரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று கணக்குப் போட்டேன். “கையெழுத்து இருக்கே சார்” என்றேன். நான் செய்தது அதுதான்.

மூன்று வாரம் கழித்து, நெதர்லாந்துக்குத் திரும்பிய பிறகு, உங்கள் மெயில் வந்தது. வேலை எனக்குத்தான். தரத்தில் நான் காட்டிய அக்கறை உங்களைக் கவர்ந்ததாம். நான் சுட்டிக்காட்டிய தவறுக்கு உடனே நடவடிக்கை எடுத்துவிட்டீர்களாம், பொறுப்பான ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டாராம். முதல் இரண்டு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டேன். என் மனைவிதான் கடைசி வரியைக் காட்டி, இது யார் என்று கேட்டாள்.

பாஸ்கரிடம் சொல்லி எண் வாங்கி ரோஸ்லின் அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் பஸ் சத்தமாக இருந்தது. நான் யார் என்று சொன்னதும் அவர் கேட்டது, என் நம்பரை யார் கொடுத்தார்கள் என்று. பிறகு, நீங்கள் வேலைக்குச் சேரப் போகிறீர்களாமே, அங்கே எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள் என்றார். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். அவர் முழுதும் கேட்கவில்லை.

“நீங்க பாத்தத சொன்னீங்க, அது தப்பில்ல. பாதி சொன்னீங்க சார். மீதி பாதியும் உங்ககிட்டதான சொன்னேன்? அத ஏன் முழுங்கிட்டீங்க?”

அப்புறம் வேலை தேடி அலைந்ததைச் சொன்னார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். ரிலீவிங் லெட்டரைக் காட்டியதும், அதில் ‘பதிவேட்டில் பொய்யாக எழுதியதால்’ என்ற வரியைப் படித்துவிட்டு, அப்புறம் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். இன்னும் இரண்டு இடத்தில் அதே கதை.

“பதினெட்டு வர்சம் ஃப்ரீசரப் பாத்துகினு இருந்தவ, இனிமே ஐஸ்கிரீம் கடையிலதான் வேல கேக்கணும் போல” என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மையத்து வேலைகூடத் திரும்ப வேண்டாம், லெட்டரில் அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

உங்களுக்கு எழுதினேன். அந்தத் தாளை எழுதச் சொன்னது நீங்கள் என்று அவர் என்னிடம் அன்றைக்கே சொன்னார், அதை அறையில் சொல்லாதது என் தப்பு, தயவுசெய்து கடிதத்தைத் திருத்துங்கள் என்று எழுதினேன். ஊழியர் விவகாரம் ரகசியமானது, எப்போது சேரப் போகிறீர்கள் என்று ஒரு வரி பதில் வந்தது. மறுபடி எழுதினேன். பதில் இல்லை. இப்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. உண்மையிலேயே என் அக்கறைக்காகத்தான் இந்த வேலையைக் கொடுத்தீர்களா? அல்லது பாதியைச் சொல்லி மீதியை விழுங்கத் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டான் என்றுதான் கொடுத்தீர்களா? இந்த இரண்டாவது எண்ணம் வந்த நாளிலிருந்து உங்கள் மெயிலை என்னால் திறக்க முடியவில்லை.

அன்னெக்கேயிடம் இதைச் சொன்னேன். ஏன் அந்த அறையிலேயே சொல்லவில்லை என்றார். அவர் பெரிய சார் என்று சொல்லிப் பார்த்தேன். டச்சில் அது சரியாக வரவில்லை. அவ்வளவு உயரமான ஆளா என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை எனக்கு. பதினோரு வருடம் இங்கே இருந்து, மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். செம்பாக்கத்துக்கு நான்கு வாரம் போனதும், கையெழுத்து இருக்கே சார் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதில் எது நான் என்று என் மனைவி கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது.

உங்கள் வேலை எனக்கு வேண்டாம். என் பதில் இந்தக் கட்டுரைதான். ரோஸ்லின் அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடலாமா என்றேன். “எம் பேருதான் ஏற்கெனவே போட்டாச்சே சார், போடுங்க. அவரு பேர மட்டும் நீங்க போடாதீங்க. அது அவரு வாயாலயே வரட்டும்” என்றார். உங்கள் பெயர் இங்கே இல்லாததற்குக் காரணம் அதுதான். கம்ப்ரசர் பழுது என்று அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்த கடிதங்களின் நகல் அவரிடம் இருக்கிறது. அந்த அறையில் உங்களோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்.

இதை எழுத உட்கார்ந்ததில் இன்று காலை ஃப்ரீசர் எண்ணை எழுத மறந்துவிட்டேன். இப்போதுதான் போய்ப் பார்த்தேன், இன்றைய காலைக் கட்டம் காலியாக இருந்தது. டச்சில் எழுதக் கை வரவில்லை. ‘மறந்துவிட்டேன்’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நாளைக்கு விலெம் வந்து இது என்ன எழுத்து என்று கேட்பான், சொல்வேன். அங்கே மாடம்பாக்கத்துக்காரர் ஒருவரின் கையெழுத்து, தான் சொல்லாத ஒரு பொய்க்குக் கீழே, உங்கள் ஃபைலில் இருக்கிறது. என் கட்டத்தை நான் நிரப்பிவிட்டேன். உங்கள் கட்டம்தான் காலி. அந்தத் தாளைச் சனிக்கிழமை வரை நிரப்பச் சொன்னது யார்? மெயிலில் வேண்டாம், ரகசியமாக வேண்டாம். இந்தப் பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, எல்லாரும் படிக்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.